ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் தீராத அசதி

(இந்த மாத உடல்நலப் பாடம். குழுக்கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



சென்ற இதழில் இரத்தசோகை பற்றிப் படித்தோம். அந்தப் பாடத்தைக் குழுக்களில் வாசித்தபோது ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் ஒரே மாதிரியான கேள்வி வந்தது. "எனக்கு ரத்தம் பதினொண்ணு இருக்குன்னு சொல்லிட்டாங்க. ஐ.சி.யு.வுல இருந்து வந்து மூணு மாசம் ஆச்சு. இன்னும் ஒரு குடம் தண்ணி தூக்க முடியல. இது என்ன வியாதிங்க?" நோயிலிருந்து மீண்டவரே கேட்டால் இப்படித் தாழ்ந்த குரலில் கேட்கிறார். வீட்டார் கேட்டால் வேறு மாதிரி வருகிறது: "டாக்டரே சரியாயிடுச்சுன்னு அனுப்பிட்டாரு. இவ என்னடான்னா இன்னும் படுத்தே கிடக்கா."

இந்த இரண்டாவது பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பாடம். தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிருக்குப் போராடி வந்தவர்களுக்கு வரும் அசதி சோம்பேறித்தனம் அல்ல. செல்லம் கொஞ்சுவதும் அல்ல. உடம்பில் காரணம் இருக்கிற, மருத்துவர்கள் அளந்து பார்த்திருக்கிற ஒரு நிலை அது. பல மாதம் இருக்கும். சிலருக்கு வருடத்தையும் தாண்டும். இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயரே உண்டு. 2010-ல் அமெரிக்காவில் தீவிர சிகிச்சை நிபுணர்கள் கூடிப் பேசி, 'தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய பாதிப்புத் தொகுதி' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். உடம்பு பலவீனம், மூளைக் களைப்பு, மனக்கலக்கம் மூன்றையும் சேர்த்துச் சொல்லும் பெயர் அது. பெயர் நமக்கு நினைவில் இருக்க வேண்டிய அவசியமில்லை. இப்படி ஒன்று உண்டு என்பது நினைவில் இருந்தால் போதும்.

நம் உறுப்பினர்களில் யார் யார் ஐ.சி.யு. வரை போகிறார்கள் என்று பாருங்கள். பிரசவத்தில் இரத்தப்போக்கு அதிகமாகி அல்லது வலிப்பு வந்து போனவர்கள் இருக்கிறார்கள். டெங்கு முற்றியவர்கள், உண்ணிக்காய்ச்சல் என்கிற ஸ்க்ரப் டைபஸ் கண்டு மூச்சுத் திணறியவர்கள், கட்டுவிரியன் கடித்து மூச்சு நின்றுபோய் வென்டிலேட்டரில் இருந்தவர்கள், 2021-ல் கொரோனா இரண்டாவது அலையில் போய்த் திரும்பியவர்கள். பூச்சிமருந்து உள்ளே போனதால் சேர்க்கப்பட்டவர்களும் உண்டு. இந்தக் கடைசி வகை சகோதரிகளிடம் ஊர் இரக்கம் காட்டுவதில்லை. "தானா தேடிக்கிட்டது" என்று பேசுவார்கள். எந்தக் காரணத்தால் போனாலும் வென்டிலேட்டரில் பத்து நாள் கிடந்த உடம்பு ஒன்றுதான். அதன் பலவீனமும் ஒன்றுதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

முதல் விஷயம் தசை. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் அசதியில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது.

அடைமழையில் விறகு தீர்ந்துவிட்டால் என்ன செய்வோம்? முதலில் பரணில் கிடக்கும் மட்டையை எரிப்போம். அதுவும் தீர்ந்தால் வேலிக் கம்பைப் பிடுங்குவோம். கடுமையான நோயில் உடம்பும் அப்படித்தான். கிருமியோடு சண்டை போட அதற்கு நிறைய எரிபொருளும் புரதமும் வேண்டும். சாப்பாடு சரியாக உள்ளே போகாத நேரம். அதனால் தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்கிறது. அதோடு, மயக்க மருந்தில் அசையாமல் படுத்திருப்பதால் தசைக்கு வேலையில்லை. வேலையில்லாத தசை இன்னும் வேகமாகச் சுருங்கும்.

எவ்வளவு வேகம் தெரியுமா? லண்டனில் 63 நோயாளிகளின் தொடைத் தசையை ஸ்கேன் மூலம் அளந்து 2013-ல் வெளியிட்டார்கள். பத்தே நாளில் சராசரியாக 18 சதவீதம் வரை சுருங்கியிருந்தது. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. தொடைதான் நம்மை உட்கார்ந்த இடத்திலிருந்து எழுப்பும் தசை. "தரையில உட்கார்ந்தா எழுந்திரிக்க ஆள் வேணும்" என்று சொல்கிறார்களே, அது நடிப்பு இல்லை என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி. சிலருக்குத் தசையோடு அதற்குப் போகும் நரம்பும் பாதிக்கும். அவர்களுக்கு முன்பாதம் தொங்கும், கால் மரத்துப்போகும், இன்னும் மெதுவாகத்தான் சரியாகும்.

"நுரையீரல் ஆறிடுச்சு, எக்ஸ்ரே கிளீனா இருக்கு, அப்புறம் ஏன் நடக்க முடியல?" என்றும் கேட்கிறார்கள். கனடாவில் டொரன்டோ நகர மருத்துவர்கள் இதைத்தான் ஆராய்ந்தார்கள். கடுமையான நுரையீரல் பாதிப்பிலிருந்து பிழைத்த 109 பேரை ஓராண்டு முழுக்கப் பின்தொடர்ந்து 2003-ல் எழுதினார்கள். ஐ.சி.யு.வை விட்டு வரும்போது அவர்கள் சராசரியாக உடல் எடையில் 18 சதவீதத்தை இழந்திருந்தார்கள். நம் கணக்கில் 50 கிலோ இருந்த பெண் 41 கிலோவாக வந்து நிற்பது மாதிரி. நுரையீரலின் கொள்ளளவு ஆறு மாதத்திலேயே பெரும்பாலும் சீராகிவிட்டது. ஆனால் ஆறு நிமிட நேரம் நடக்கச் சொன்னபோது, ஓராண்டு கழித்தும், அவர்கள் வயதுக்கு நடக்க வேண்டிய தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் நடந்தார்கள். ஓராண்டில் வேலைக்குத் திரும்பியவர்கள் பாதிப்பேர். அவர்கள் கிழவர்கள் இல்லை, பலரும் நாற்பதுகளில் இருந்தவர்கள். அங்கே வேலை என்றால் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலையும் உண்டு. நம் சகோதரிகளின் வேலை நாற்று நடுவது, கல் சுமப்பது, தறியில் நிற்பது. அப்படியிருக்க, இரண்டு மாதத்தில் எழுந்து வேலைக்குப் போகவில்லை என்று ஒருத்தியைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்?

தசை தவிர வேறு காரணங்களும் கூடவே இருக்கும். கடும் நோயாலும், சோதனைக்காக அடிக்கடி இரத்தம் எடுப்பதாலும் இரத்தசோகை வரலாம். தைராய்டு, சர்க்கரை, உடம்பில் உப்பின் அளவு இவற்றில் ஏதாவது முன்னே பின்னே இருக்கலாம். ஆஸ்பத்திரியில் தொடங்கிய தூக்க மாத்திரையை யாரும் நிறுத்தச் சொல்லாததால் வீட்டிலும் போட்டுக்கொண்டே இருப்பார்கள். பகலெல்லாம் மந்தமாக இருப்பதற்கு அதுவே காரணமாகலாம். (தானாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் காட்டித்தான் குறைக்க வேண்டும்.) இவையெல்லாம் ஒரு இரத்தப் பரிசோதனையிலும், மாத்திரைச் சீட்டைப் பார்ப்பதிலும் கண்டுபிடிக்கக் கூடியவை. ஆகவே "அசதி இருக்கத்தான் செய்யும்" என்று சும்மா இருந்துவிடாமல், மறுபரிசோதனைக்குப் போகும்போது அசதி என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நம் பெண்கள் டாக்டர் முன்னால் போனதும் "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து திண்ணையில் சாய்கிறார்கள்!

தலைமுடி பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். நோய் திரும்பி வந்துவிட்டது என்று பயந்து அழுகிறார்கள். கடுமையான காய்ச்சலுக்குப் பிறகு இப்படி நடப்பது வழக்கம்தான், திரும்ப முளைக்கும். மாதவிலக்கும் சில மாதம் தள்ளிப்போகலாம். மூன்று மாதத்துக்கு மேல் வராவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

தூக்கமும் கனவும்

ஐ.சி.யு.வில் இரவு பகல் தெரியாது. விளக்கு அணையாது. மிஷின் சத்தம் ஓயாது. நோயின் வேகமும் மருந்தும் சேர்ந்து பலருக்கு மூளை குழம்பிப்போகும். சுவரில் பாம்பு ஊர்வதைப் பார்த்தேன், நர்ஸ் என்னைக் கொல்ல வந்தாள், செத்துப்போன அப்பா வந்து கூப்பிட்டார் என்றெல்லாம் சொல்வார்கள். அது அந்த நேரத்து மூளைக் குழப்பம். மருத்துவமனைகளில் தினமும் பார்ப்பதுதான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் காட்சிகள் கனவில் வரும். நடு இரவில் வியர்த்து எழுவார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே நடுங்குவார்கள். இரவில் தூங்காதவருக்குப் பகலில் தெம்பு எங்கிருந்து வரும்?

இங்கேதான் பல வீடுகளில் கோடாங்கியைக் கூப்பிடுகிறார்கள். அவரவர் நம்பிக்கையில் நாங்கள் தலையிடவில்லை. விபூதி போட்டுவிட்டால் மனசுக்கு ஆறுதல் என்றால் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் வேப்பிலையால் அடிப்பது, பட்டினி போடுவது, மிளகாய்ப் புகை காட்டுவது, இதெல்லாம் நுரையீரல் ஆறாத ஒருத்திக்குச் செய்யும் கொடுமை. குழு இதைத் தடுக்க வேண்டும். அவருக்கு வேண்டியது, "நீ பார்த்தது மருந்து மயக்கத்துல வந்தது, நீ பைத்தியம் இல்ல" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லும் ஒரு ஆள். எந்தத் தேதியில் சேர்த்தோம், எத்தனை நாள் நினைவில்லாமல் இருந்தார், யார் யார் வந்து பார்த்தார்கள் என்பதை வீட்டார் வரிசையாகச் சொன்னால் அவருக்கு விட்டுப்போன நாட்கள் திரும்பக் கிடைக்கும். வெளிநாட்டுச் சில ஆஸ்பத்திரிகளில் இதற்காகவே நோயாளியின் கட்டிலருகே ஒரு நோட்டு வைத்து, நர்சும் உறவினரும் தினமும் இரண்டு வரி எழுதுகிறார்கள். நம் வீடுகளில் படிக்கிற பிள்ளை ஒருவர் போதும் இதைச் செய்ய.

கணக்கு தப்பினால் களவு ஆகுமா?

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். ஊரும் பெயரும் வேண்டாம். அந்தக் குழுவின் ஊக்குநர் பல வருடம் கணக்குப் புத்தகத்தை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியவர். உண்ணிக்காய்ச்சல் முற்றி 12 நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்தார். வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்தில், யாரும் கேட்காமலே, புத்தகத்தை வாங்கி எழுதத் தொடங்கிவிட்டார். மூன்றாவது கூட்டத்தில் கணக்கில் 840 ரூபாய் உதைத்தது. ஒருவர் கட்டிய சேமிப்பு இன்னொருவர் பக்கத்தில் ஏறியிருந்தது. கூட்டத்தில் ஒருத்தி வாயைத் திறந்து சொல்லிவிட்டாள்: "ஆஸ்பத்திரி செலவு பெருசுல்ல, எங்கயாவது கை வச்சிருப்பா." ஊக்குநர் ஒரு வார்த்தை பேசவில்லை. புத்தகத்தை நடுவில் வைத்துவிட்டு எழுந்து போனவர் அடுத்த இரண்டு கூட்டத்துக்கு வரவே இல்லை.

கூட்டமைப்புக் கணக்காளர் உட்கார்ந்து ரசீதுகளைப் பார்த்தபோது பணம் பைசா குறையாமல் பெட்டியில் இருந்தது. எழுத்து மட்டும்தான் இடம் மாறியிருந்தது.

கடும் நோயால் மூளையும் களைத்துப்போகும் என்பதைத்தான் இது காட்டுகிறது. அமெரிக்காவில் ஐ.சி.யு.வில் இருந்து பிழைத்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தார்கள். முடிவு 2013-ல் வந்தது. மூன்றில் ஒருவருடைய ஞாபகமும் யோசிக்கும் வேகமும், தலையில் நடுத்தரமாக அடிபட்டவர்களுக்கு இருக்கும் அளவில்தான் இருந்தன. முதியவர்களுக்கு மட்டுமல்ல, இளம் வயதினருக்கும் இப்படி இருந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பது, பேசும்போது வார்த்தை வராமல் நிற்பது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எரிச்சல் வருவது, பத்து நிமிடம் கணக்குப் பார்த்தாலே தலை பாரமாகி அன்று முழுக்கப் படுத்துவிடுவது, இதெல்லாம் அந்தக் களைப்பின் அடையாளங்கள். வெளியே காயம் தெரியாது. அதனால்தான் யாரும் நம்புவதில்லை.

அந்தக் குழுவில் பிறகு ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஊக்குநர் தொகையை வாசிப்பார். இன்னொரு உறுப்பினர் எழுதுவார். மூன்றாவது ஆள் கூட்டிச் சரிபார்ப்பார். அவரை நீக்கவும் இல்லை, தனியாக விடவும் இல்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு அவரே பழையபடி எழுதுகிறார். களவு என்று சொன்ன உறுப்பினர் மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்பீர்கள். கேட்கவில்லை. ஆனால் இப்போது எழுதப் பக்கத்தில் உட்காருவது அவர்தான்.

வீட்டில் என்ன செய்வது?

சாப்பாட்டிலிருந்து தொடங்குவோம். "நோய்ல கிடந்த உடம்பு, பத்தியமா இருக்கணும்" என்று மாதக்கணக்கில் அரிசிக் கஞ்சியும் இட்லியும் மட்டும் கொடுக்கிறார்கள். முட்டை சூடு, மீன் ஆகாது, பருப்பு வாய்வு! கரைந்துபோன தசையைத் திரும்பக் கட்டப் புரதம் வேண்டும், கஞ்சியில் அது மிகவும் குறைவு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கைப்பிடி வேர்க்கடலையிலும் கிட்டத்தட்ட அதே அளவு. சுண்டல், பாசிப்பயறு, பருப்பு, பால், தயிர், நெத்திலி, கருவாடு (உப்பைக் கழுவி), வாரத்தில் ஒருநாள் கறி, எது வீட்டில் முடியுமோ அது. ஒரே வேளையில் நிறையக் கொடுத்தால் இறங்காது. பசியே இருக்காது, நாக்கில் ருசி இருக்காது. அதனால் ஐந்து ஆறு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சம் கொடுங்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு புரதம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தொண்டையில் குழாய் இருந்ததால் சிலருக்கு விழுங்குவது சிரமமாகி அடிக்கடி புரை ஏறும். அவர்களை நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், இருமல் நிற்காவிட்டால் காட்ட வேண்டும்.

குளுக்கோஸ் பாட்டிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "ரெண்டு பாட்டில் ஏத்திக்கிட்டா தெம்பு வந்துடும்" என்று பக்கத்து டவுனுக்குப் போய் ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். சாதாரணமாக ஏற்றும் அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்தாறு டீஸ்பூன். வீட்டில் ஒரு டம்ளர் பானகத்தில் அது கிடைத்துவிடும். அந்தக் காசுக்கு ஒரு மாதத்துக்கு முட்டை வாங்கலாம். படிக்காத வைத்தியர்கள் போடும் 'தெம்பு ஊசி' இன்னும் மோசம். அது ஸ்டீராய்டாக இருந்தால் இரண்டு நாள் பறக்கிற மாதிரி இருக்கும், தொடர்ந்து போட்டால் இருக்கிற தசையையும் தளர்த்திவிடும்.

அடுத்தது நடமாட்டம். இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒரு வீட்டில் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை. இன்னொரு வீட்டில் மறுவாரமே மாட்டுத் தொழுவத்துக்கு அனுப்புகிறார்கள். படுத்தே இருந்தால் தசை திரும்பாது. ஒரேயடியாக உழைத்தாலும் திரும்பாது. நாங்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான்: ஒரு நாள் உடம்பு கொஞ்சம் தேவலை என்று தோன்றியதும் துணி துவைத்து, வீடு மெழுகி, சமைத்து எல்லாவற்றையும் அன்றே முடிப்பார். அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க முடியாது. நாலாம் நாள் மறுபடியும் அதே கதை. நல்ல நாளில் கையைக் கட்டிக்கொள்ளப் பழகுவதுதான் இதில் கஷ்டமான பாடம்.

டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ சொன்னது இருந்தால் அதையே செய்யுங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால், சுவர் ஓரமாகப் போட்ட கனமான நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து தொடங்கலாம். முதலில் ஒரு தடவைக்கு மூன்று முறை, காலையும் மாலையும். அது சுலபமானால் ஐந்து. நடப்பதும் அப்படியே, முதல் வாரம் வாசல் வரை, பிறகு பக்கத்து வீடு, பிறகு தெருக்கோடி. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச்சு வராமல் மூச்சு வாங்கினால் அது அதிகம், நின்றுவிடுங்கள். மறுநாளும் அசதி தீராமல் இருந்தால் முந்தைய அளவுக்குத் திரும்பிப் போய், அங்கேயே இன்னும் சில நாள் இருங்கள். வேகம் ஆமை வேகம்தான். ஆனால் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினால் ஒரு மாதத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், அது தரும் தைரியத்தை எந்த டானிக்கும் தராது.

வீட்டு வேலையை உட்கார்ந்து செய்யும் வேலை, நின்று செய்யும் வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். கீரை ஆய்வது, பயறு பொறுக்குவது, துணி மடிப்பது முதலில் வரட்டும். குளிக்கும்போது ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து குளிக்கட்டும். குளிப்பது இவ்வளவு களைப்பைத் தரும் என்று ஆரோக்கியமாக இருக்கிறவர்களுக்குத் தெரியாது. குடத்துக்குப் பதில் சொம்பு. தண்ணீர் எடுப்பதும் மாவு ஆட்டுவதும் ஆண்கள் செய்தால் வானம் இடிந்து விழாது. இதைக் கூட்டத்தில் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு வீட்டிலும் சொல்லிப் பாருங்கள்.

2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுப்பதோடு, தேவைப்படுபவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் ஒரு பகுதி. இது பல உறுப்பினர்களுக்குத் தெரியவே இல்லை, மாத்திரை கொடுக்க மட்டும்தான் வருகிறார்கள் என்று நினைக்கிறார்கள். உங்கள் துணை சுகாதார நிலைய நர்சிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதியச் சொல்லிக் கேளுங்கள். கேட்கும்போது டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கட்டும். என்ன நோய், எத்தனை நாள் வென்டிலேட்டர், என்ன மருந்து என்று எல்லாம் அதில்தான் இருக்கும். அதைக் கசக்கி அரிசிப் பானைக்குள் வைத்திருப்பவர்கள் அதிகம். காப்பீட்டு அட்டையோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மெதுவாகக் குறைந்துகொண்டு வரும் அசதிக்குப் பொறுமை வேண்டும். கூடிக்கொண்டே போகும் அசதிக்குப் பொறுமை கூடாது. காய்ச்சல் திரும்ப வந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், சிறுநீர் குறைந்தால், மலம் கறுப்பாகப் போனால், பேச்சு குழறி மயக்கமாக இருந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சு, நெஞ்சுவலி, மயக்கம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று அதிகம் பேருக்குத் தெரியாதது. தொண்டையில் குழாய் போட்டிருந்தவர்களுக்குச் சில வாரம், சில மாதம் கழித்து மூச்சுக்குழாய் உள்ளே தழும்பு பிடித்துச் சுருங்கலாம். மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரியோ 'கர்' என்றோ சத்தம் வரும். இதை ஆஸ்துமா என்று நினைத்துப் புகை பிடிக்கிற மருந்தோடு காலம் கடத்தக் கூடாது. "எனக்கு வென்டிலேட்டர் குழாய் போட்டிருந்தாங்க" என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

மனசு விட்டுப்போன பேச்சையும் கவனியுங்கள். "நான் பொழைச்சதே தப்பு, எல்லாருக்கும் பாரம்" என்று ஒருத்தி சொன்னால், அதை வாய்ப்பேச்சு என்று விடாதீர்கள். தனியாக விடாமல் பக்கத்தில் இருங்கள், மருந்து பாட்டில்களைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள், 104-க்கோ 14416-க்கோ போன் செய்யுங்கள். இரண்டிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

குழு செய்ய வேண்டியது

ஆஸ்பத்திரிச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுத்திருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு ஆறு மாதக் கூலி போவதற்கு அந்த அட்டை பதில் சொல்லாது. மில்லிலோ பனியன் கம்பெனியிலோ வேலை செய்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவர்கள் மட்டும், சந்தா நாட்கள் சரியாக இருந்தால், டாக்டர் சான்றிதழ் கொடுத்து வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகப் பெறலாம். கேட்காததால் இழக்கிறவர்கள் உண்டு. வயல் கூலிக்கு அந்த வழியும் இல்லை.

ஆகவே சுமை குழுவின் மேல் வருகிறது. ஒரு உறுப்பினர் தவணை கட்டவில்லை என்றால் வங்கி குழுவைத்தான் கேட்கும், அது எங்களுக்கும் தெரியும். ஆனால் வேண்டுமென்றே கட்டாதவரையும், எழுந்து நிற்க முடியாதவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. உள்கடன் என்றால் அசலை ஆறு மாதம் தள்ளிவைத்து, முடிந்தால் வட்டி மட்டும் வாங்குவது என்று கூட்டத்தில் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் அடுத்த மாதமே சண்டை வரும். வங்கிக் கடன் என்றால், தவணை தவறிய பிறகு போகாமல், தவறுவதற்கு முன்பே டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலோடு பிரதிநிதிகள் இரண்டு பேர் மேலாளரைப் பார்த்துப் பேசுங்கள். கூட்டத்துக்கு வராததற்கு அபராதம் போடும் குழுக்கள் அந்த விதியில் இவர்களுக்கு விலக்கு எழுதலாம். கூட்டத்தையே ஒருநாள் அவர் வீட்டுத் திண்ணையில் நடத்தினால் அபராதப் பேச்சே வராது.

அவரைப் பார்த்துக்கொண்டவரையும் மறந்துவிடாதீர்கள். இருபது நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்த அம்மாவுக்கும் மகளுக்கும் தூக்கம் கெட்டிருக்கும், கடன் ஏறியிருக்கும். அவரும் நம் உறுப்பினராகத்தான் பெரும்பாலும் இருப்பார். ஒரு பகல், ஒரே ஒரு பகல், இன்னொரு உறுப்பினர் போய் நோயாளியோடு இருந்தால் அவர் தூங்கி எழுவார்.

குழுக்கூட்டத்தில் பேச:

நம் குழுவில், அல்லது உறுப்பினர் குடும்பத்தில், கடந்த இரண்டு வருடத்தில் ஐ.சி.யு.வில் இருந்து வந்தவர் யார்? இப்போது எப்படி இருக்கிறார்? கடைசியாக யார் போய்ப் பார்த்தோம்?

அவர் பெயரில் எவ்வளவு கடன் நிலுவை, எத்தனை தவணை தவறியிருக்கிறது? அதற்கு என்ன தீர்மானம் எழுதலாம்?

நோயாளிக்கு நம் ஊரில் 'ஆகாது' என்று சொல்லும் உணவுகள் எவை? அவற்றில் எவை புரத உணவுகள்? துணை சுகாதார நிலைய நர்சைக் கூட்டத்துக்கு அழைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

பதில்களை ஊக்குநர் எழுதி, அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவரவும். வீட்டில் பிசியோதெரபி தேவைப்படுபவர்களின் பட்டியலைத் தனித் தாளில் எழுதித் தாருங்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் சேர்த்துக் கொடுக்கிறோம்.